நெஞ்சு கிளியர், சாச்சுரேஷன் 97, ஆனாலும் மூச்சுத்திணறல்: ஒரு நிகழ்வு ஆய்வு

இது நடந்தது ஓர் ஐப்பசியில், அடைமழைக்கு நடுவே ஒரு விடியற்காலை. அப்போது நான் ஒரு தாலுகா அரசு மருத்துவமனையில் இரவு டியூட்டி டாக்டர். நோயாளியிடமும் அவர் கணவரிடமும் சம்மதம் வாங்கித்தான் எழுதுகிறேன். ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன், மருத்துவ விவரங்களில் கை வைக்கவில்லை. இதில் நான் செய்த தவறுகள் இருக்கின்றன. அவற்றை மழுப்பிவிட்டு எழுதினால் கேஷுவாலிட்டியில் புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்கு இதனால் ஒரு பயனும் இல்லை.

பின்னணி

மூச்சுத்திணறல் என்று வருகிறவர்களைப் பார்க்க எங்கள் எல்லோருக்கும் பழகிப்போன ஒரு தடம் உண்டு. விசில் சத்தம் கேட்டால் ஆஸ்துமா, இல்லையென்றால் பீடி குடித்துக் கெட்டுப்போன நுரையீரல். இரண்டு பக்கமும் அடியில் நொறநொறவென்று கேட்டால் இதயம், ஒரு பக்கம் மட்டும் கேட்டு காய்ச்சலும் இருந்தால் நிமோனியா. ஒரு பக்கம் சத்தமே இல்லையென்றால் நீரோ காற்றோ கோத்திருக்கிறது. சரி, நெஞ்சில் எதுவுமே கேட்கவில்லையென்றால்? அங்கேதான் பட்டியல் நீளும். சர்க்கரை எகிறி ரத்தம் அமிலமாகிப்போனவர் ஆழமாக இழுத்து இழுத்து மூச்சு விடுவார், சிறுநீரகம் செயலிழந்தவரும் அப்படித்தான். நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் கட்டி அடைத்திருக்கலாம், ரத்தசோகை முற்றியிருக்கலாம். கடைசியாக, மூச்சு இழுக்கிற தசைகளே வலுவிழந்திருக்கலாம். இதெல்லாம் எனக்குத் தெரியும், பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் மணி நாலு, வந்திருப்பது இளம்பெண், நெஞ்சு கிளியர், சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) நார்மல் என்றால் கை தானாக எழுதுகிற வார்த்தை ‘பதற்றம்’தான்.

எங்கள் மருத்துவமனையில் இரவில் ஒரு டாக்டர், இரண்டு ஸ்டாஃப் நர்ஸ், ஒரு பணியாளர். லேப் காலை 8 மணிக்குத்தான் திறக்கும். ஆக்சிஜன் சிலிண்டர், ஆம்பு பேக் (கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் பை), மூச்சுப்பாதைக்குள் குழாய் போடும் கருவிகள், சளி உறிஞ்சும் மெஷின் இருந்தன. வென்டிலேட்டர் இல்லை, மயக்க மருந்து டாக்டர் இரவில் கிடையாது. ஃப்ரிட்ஜில் பாம்பு விஷமுறி மருந்து இருந்தது, நாங்கள் ஏஎஸ்வி என்போம். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு 48 கிலோமீட்டர், அந்த மழையில் நல்ல டிரைவருக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

4:10: பைக்கில் வந்தவர்

31 வயதுப் பெண். கணவர் பைக் ஓட்ட, பின்னால் மாமியார் பிடித்துக்கொள்ள, நடுவில் உட்காரவைத்துக் கூட்டிவந்திருந்தார்கள். பைக்கிலிருந்து இறங்கி இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு அவரே நடந்துதான் உள்ளே வந்தார். இதைக் குறிப்பாகச் சொல்கிறேன், ஏனென்றால் ‘நடந்து வந்தவர்தானே’ என்ற நினைப்பு அடுத்த ஒரு மணி நேரம் என் தலையில் உட்கார்ந்திருந்தது.

மூன்று மணிக்கு வயிற்று வலியோடு எழுந்திருக்கிறார், இரண்டு தடவை வாந்தி, அதற்கப்புறம் “மூச்சு விட முடியல, தொண்டைய யாரோ புடிச்ச மாதிரி இருக்கு” என்றிருக்கிறார். ஆஸ்துமா இல்லை, சர்க்கரை இல்லை, இதய நோய் இல்லை, கர்ப்பமும் இல்லை. முந்தின இரவு எல்லோரும் சாப்பிட்ட அதே சாப்பாடுதான், வேறு யாருக்கும் ஒன்றும் செய்யவில்லை.

நாடித்துடிப்பு 112, ரத்த அழுத்தம் 150/90, ஆக்சிஜன் வைக்காமல் வெறும் காற்றில் சாச்சுரேஷன் 97, சர்க்கரை 128, காய்ச்சல் இல்லை. ஈசிஜியில் வேகம் தவிர வேறொன்றும் இல்லை. நெஞ்சு இரண்டு பக்கமும் சுத்தம். வயிறு மெத்தென்று இருந்தது, அழுத்தினால் எங்கேயும் குறிப்பாக வலிக்கவில்லை. சீட்டில் மூச்சு எண்ணிக்கை 20 என்று இருந்தது. அந்த 20-ஐப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

நான் எழுதிக்கொண்டிருந்தபோது மாமியார் மேஜை பக்கம் குனிந்து, “தம்பி, சாயங்காலம் சீட்டுப் பணத்துக்காக ரெண்டு பேருக்கும் சண்டை, அழுதுட்டே படுத்துச்சு, அதான் இப்படி” என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்த காரணத்தைச் சொன்னார். எனக்கும் அது வசதியாகப் போயிற்று. வயிற்று வலிக்குப் பான்டோபிரசோல், வாந்திக்கு ஒரு ஊசி, மூச்சுக்கு ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று சால்பியூட்டமால் நெபுலைசேஷன், மூக்கில் ஆக்சிஜன். விசிலே கேட்காத நெஞ்சுக்கு நெபுலைசேஷன் எதற்கு என்று யாராவது கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை. ஏதோ ஒன்று செய்துகொண்டிருக்கிறோம் என்று குடும்பத்துக்கும், உண்மையைச் சொன்னால் எனக்கும், காட்டிக்கொள்ளத்தான் அது. கணவரிடம், “பயத்துல வர்றதுதான், ஒரு மணி நேரம் பாத்துட்டு அனுப்பிடலாம்” என்றேன். நோயாளியின் தலைமாட்டில் நின்றுகொண்டு, அவர் காதுபடவே.

4:40: சிஸ்டர் முதல் தடவை கூப்பிட்டது

டியூட்டியில் இருந்த சிஸ்டருக்கு இருபது வருடத்துக்கு மேல் அனுபவம். அவர் வந்து, “டாக்டர், அந்தப் பொண்ணு கண்ணத் திறக்கவே மாட்டேங்குது, கூப்பிட்டா பதில் சொல்லுது, ஆனா கண்ணு மட்டும் திறக்கல” என்றார். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை, வாந்தி ஊசிக்குக் கொஞ்சம் மயக்கமும் இருக்கும், தூங்கட்டும் விடுங்கள் என்றேன். எழுந்துகூடப் போகவில்லை.

இந்த நிகழ்வில் என் பெரிய பிழை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். முதலில் பதற்றம் என்று நினைத்ததை மன்னிக்கலாம், 4:10-க்கு இமை எவ்வளவு இறங்கியிருந்தது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. ஆனால் சிஸ்டர் சொன்னதில் முழு நோயும் இருந்தது. தூங்குகிறவர் கூப்பிட்டால் கண்ணைத் திறந்து பதில் சொல்வார். இவர் தெளிவாகப் பதில் சொல்கிறார், கண் திறக்கவில்லை என்றால் அது தூக்கம் இல்லை, இமையைத் தூக்குகிற தசை வேலை செய்யவில்லை.

5:05: இரண்டாவது தடவை

இந்தத் தடவை சிஸ்டர் கூப்பிடவில்லை, கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப்போனார். வாயோரம் எச்சில் வழிந்து தலையணை நனைந்திருந்தது. பேசச் சொன்னால் குரல் மூக்கால் வந்தது, வார்த்தைகள் குழறின. ஆக்சிஜனோடு சாச்சுரேஷன் 98. மானிட்டரைப் பார்த்தால் எல்லாம் நலம்.

மேலே பார்க்கச் சொன்னேன். நெற்றி முழுக்கச் சுருக்கம் விழுந்தது, புருவம் ஏறியது, இமை பாதிக்கு மேல் எழவில்லை. பயத்தில் கண்ணை இறுக்கி மூடுகிறவருக்கு நெற்றி இப்படி வேலை செய்யாது. இமையைத் தூக்க முடியாமல் நெற்றித் தசையால் இழுத்துப் பார்க்கிறவருக்குத்தான் அந்தச் சுருக்கம் விழும். விரலை இடமும் வலமும் நகர்த்தினால் கருவிழி பாதி வழியில் நின்றுவிட்டது. தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொன்னேன், முடியவில்லை. கை கால்களில் இன்னும் பலம் இருந்தது, என் விரலை இறுக்கிப் பிடித்தார்.

அப்புறம்தான் போர்வையை விலக்கி வயிற்றைப் பார்த்தேன். மூச்சு உள்ளே இழுக்கும்போது வயிறு மேலே எழ வேண்டும், இவருக்கு உள்ளே போனது. மூச்சை இழுக்கிற முக்கியத் தசையான உதரவிதானம் சோர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். வாட்சைப் பிடித்துக்கொண்டு முழு ஒரு நிமிடம் எண்ணினேன்: 34. ஒவ்வொன்றும் மேலோட்டமான, குட்டி மூச்சு. நல்லா ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு, விடாமல் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொன்னேன். ஆரோக்கியமான ஆள் 40-ஐச் சாதாரணமாகத் தாண்டுவார், 20-க்குக் கீழே வந்தால் கவலைப்பட வேண்டும். இவர் 9-ல் நின்றுவிட்டார்.

எங்கே படுத்தீர்கள்?

கணவரைக் கூப்பிட்டுக் கேட்ட முதல் கேள்வி இது. ஓட்டு வீடு, மழைக்கு ஒழுகியதால் கட்டிலை நகர்த்திவிட்டு மனைவியும் மகளும் தரையில் பாய் விரித்துப் படுத்திருக்கிறார்கள். ஒரு மணி வாக்கில் “ஏதோ கடிச்ச மாதிரி இருக்கு, எறும்பு போல” என்று மனைவி முழங்கையைத் தேய்த்துக்கொண்டே திரும்பிப் படுத்ததாகச் சொன்னார். நாங்கள் கேட்கிறவரைக்கும் அது அவருக்குச் சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. தோன்றாதது அவர் தப்பும் இல்லை, வயிற்று வலிக்கும் எறும்புக் கடிக்கும் என்ன சம்பந்தம்?

டார்ச் அடித்து இரண்டு கையையும் காலையும் காதுப் பின்புறத்தையும் தேடினோம். பல் தடம் இல்லை, வீக்கம் இல்லை, சிவப்புகூட இல்லை. கட்டுவிரியன் கடி அப்படித்தான். பெரும்பாலும் ராத்திரியில், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், பல் சின்னது, வலி பெரிதாக இருக்காது, தடம் தெரியாமலே போய்விடும். அடுத்த சில மணி நேரத்தில் வயிற்று வலி, வாந்தி, அப்புறம் இமை இறங்கும், பேச்சு குழறும், விழுங்க முடியாது, கழுத்து விழும், கடைசியில் மூச்சு. மேலிருந்து கீழே இறங்குகிற வாதம். மழைக்காலம், தரைப்படுக்கை, விடியற்காலை வயிற்று வலி, இமை இறக்கம் என்ற நான்கும் சேர்ந்தால், பாம்பை யாரும் பார்க்காவிட்டாலும் வேறு நிரூபணமாகிறவரை அது கட்டுவிரியன்தான். இந்தப் பாம்பு கடைசிவரை கண்ணில் படவே இல்லை.

வேறு என்னவாக இருக்கலாம் என்றும் யோசித்தோம். வீட்டுச் சண்டை நடந்திருக்கிறது, எச்சில் வழிகிறது, எனவே பூச்சிமருந்தா என்ற சந்தேகம் நியாயமானது. ஆனால் பூச்சிமருந்து குடித்தவருக்குக் கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், வியர்த்துக் கொட்டும், நெஞ்சு நிறைய நீர்ச்சத்தம் கேட்கும், பெரும்பாலும் வாடையே காட்டிக்கொடுக்கும். இவருக்கு இவை எதுவுமே இல்லை. இங்கே எச்சில் கூடவில்லை, விழுங்க முடியாமல் தேங்கி வழிகிறது. தசைச்சோர்வு நோய்களில் சில இதுபோலக் காட்டும், ஆனால் ராத்திரி படுக்கும்போது நன்றாக இருந்தவர் நாலு மணி நேரத்தில் இப்படி ஆவது ரொம்ப அபூர்வம். சுத்தமான கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. ரத்தம் எடுத்து ஆட்டாமல் 20 நிமிடம் வைத்தோம், நன்றாக உறைந்தது. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இரண்டும் ரத்தம் உறைவதைக் கெடுக்கும், கட்டுவிரியனும் நாகமும் கெடுக்காது. நாகம் என்றால் கடித்த இடம் வீங்கி வலித்திருக்கும்.

அதே நேரத்தில் சிஸ்டர் கேட்ட கேள்வி எனக்கு உறைக்கவே இல்லை: “பக்கத்துல படுத்த குழந்தை எங்க?” குழந்தை வீட்டில் அதே பாயில் தூங்கிக்கொண்டிருந்தது. கணவர் போன் போட்டு, பக்கத்து வீட்டுக்காரர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் வந்தார். ஐந்து வயது. எழுப்பினால் கண்ணை நன்றாகத் திறந்து அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு அன்றைக்கு நாங்கள் பட்ட நிம்மதி கொஞ்சநஞ்சமல்ல. 24 மணி நேரம் கண்காணிப்பில் வைத்து, ஒன்றும் இல்லையென்று அனுப்பினோம்.

5:25: விஷமுறி

ஃப்ரிட்ஜில் 16 குப்பி இருந்தது. முதல் டோஸ் 10 குப்பி, பெரியவருக்கும் சின்னவருக்கும் அதே அளவு, ஏனென்றால் பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைத்து விடுவதில்லை. அது பொடியாக இருக்கும், ஒவ்வொரு குப்பியிலும் 10 மி.லி. நீர் விட்டுக் கரைக்க வேண்டும். அவசரத்தில் குலுக்கினால் நுரைத்துவிடும், மருந்து சரியாக வராது. உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து மெதுவாக உருட்ட வேண்டும். சிஸ்டர் இரண்டு பேர், பணியாளர், நான் என்று நாலு பேரும் மேஜையைச் சுற்றி நின்று, ஆளுக்கொரு குப்பியை மத்துக் கடைகிற மாதிரி உருட்டிக்கொண்டிருந்தோம். ஒருவர் பத்தையும் கரைத்திருந்தால் அரை மணி நேரம் போயிருக்கும். (இந்த மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதி 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து, மாமல்லபுரம் பக்கத்து வடநெம்மேலியிலிருந்துதான் நெடுங்காலமாகப் போகிறது. குப்பியை உருட்டும்போதெல்லாம் எனக்கு அவர்கள் ஞாபகம்தான் வரும்.)

5:35-க்கு சலைனில் கலந்து, ஒரு மணி நேரத்தில் முடிகிற வேகத்தில் ஓட்டினோம். பத்தாவது நிமிடம் கழுத்திலும் மார்பிலும் தடிப்பு எழும்பியது, அரிப்பு, ரத்த அழுத்தம் 100-க்கு இறங்கியது. இது எதிர்பார்த்ததுதான், அட்ரினலின் 0.5 மி.கி. ஊசியில் ஏற்றித் தயாராகப் பக்கத்தில் வைத்திருந்தோம். மருந்தை நிறுத்தி, தொடையில் தசைக்குள் போட்டோம். சில நிமிடத்தில் தடிப்பு அடங்கியது. ஒவ்வாமை வந்துவிட்டதே என்று விஷமுறியையே கைவிடுகிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது, அது கூடாது. ஒவ்வாமையை அடக்கிவிட்டு, மெதுவாகத் திரும்ப ஆரம்பிக்க வேண்டும்.

கணவர் கேட்டார்: “சார், மருந்து ஏறிடுச்சுல்ல, இனி கண்ணத் திறந்துடுமா?” திறக்காது. ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கிற விஷத்தைத்தான் விஷமுறி பிடிக்கும். கட்டுவிரியன் விஷம் நரம்பின் நுனியையே சிதைக்கிறது, சிதைந்தது சிதைந்ததுதான், புதிதாக முளைத்து வர நாட்கள் ஆகும். அதுவரை அவருக்காக நாம்தான் மூச்சு விட வேண்டும். இதை இவ்வளவு தெளிவாக அந்த நேரத்தில் சொன்னேனா என்றால், இல்லை. “மெஷின் வைக்கணும், சில நாள் ஆகும், ஆனா திரும்பி வர வாய்ப்பு ரொம்ப நல்லா இருக்கு” என்று மட்டும் சொன்னேன்.

குழாய் போடுவதா, அப்படியே அனுப்புவதா

108 வாசலில் வந்து நின்றுவிட்டது. சாச்சுரேஷன் 98. இரண்டாவது நர்ஸ், “நல்லாத்தானே இருக்கு டாக்டர், ஆக்சிஜனோட அனுப்பிடலாமே, அங்க போய் டியூப் போட்டுக்கட்டும்” என்றார். எனக்கும் ஆசை அதுதான். நான் அதுவரை தனியாக, மேலே ஆள் இல்லாமல் குழாய் போட்டது மிகக் குறைவு.

என் சீனியர் ஒருவருக்குப் போன் போட்டேன். தூக்கக் கலக்கத்தில் எல்லாம் கேட்டுவிட்டு, “சாச்சுரேஷனச் சொல்லாதே, திரும்ப எண்ணச் சொல்லு” என்றார். எண்ணச் சொன்னேன். 5.

விரலில் மாட்டுகிற கருவிக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று மட்டும்தான் தெரியும். எவ்வளவு காற்று உள்ளே போய் வெளியே வருகிறது என்று தெரியாது. காற்றை மட்டுமே சுவாசிக்கிறவரின் மூச்சு குறைந்தால் எண் கொஞ்சம் சீக்கிரமாக இறங்கிக் காட்டிக்கொடுக்கும். ஆக்சிஜன் வைத்துவிட்டோம் என்றால், கார்பன் டை ஆக்சைடு உள்ளே ஏறிக்கொண்டே போனாலும் எண் 98-லேயே நிற்கும். விழ ஆரம்பிக்கும்போது நேரம் கடந்திருக்கும், அந்த நேரம் 48 கிலோமீட்டரில் எந்த வளைவில் வரும் என்று சொல்ல முடியாது. ஓடுகிற வண்டியில், எச்சில் தேங்கிய தொண்டையில், குழாய் போடுவது எனக்கு இங்கே முடியாததைவிடப் பலமடங்கு முடியாத காரியம். எனவே இங்கேயே போடுவது என்று முடிவு செய்தோம்.

அவர் காதருகில் குனிந்து, மூச்சுக்கு உதவி செய்யக் குழாய் போடப்போகிறோம், தூக்க மருந்து கொடுக்கிறோம் என்றேன். என் விரலை அழுத்தினார். எச்சிலை உறிஞ்சி, மிடாசோலம் கொடுத்து, ஆம்பு பேக்கில் நன்றாக ஆக்சிஜன் ஏற்றி, முதல் முயற்சி. குழாய் வயிற்றுக்குள் போய்விட்டது. எடுத்து, திரும்ப ஆம்பு பேக், தலையணையை மடித்துத் தலைக்குக் கீழே வைத்து, இரண்டாவது முயற்சியில் உள்ளே போனது. இரண்டு பக்கமும் காற்று சமமாகக் கேட்டது, வயிற்றில் சத்தம் இல்லை. மணி 6:05. விஷமுறியைத் திரும்ப மெதுவாக ஆரம்பித்து, 6:30-க்கு வண்டி கிளம்பியது. நான் ஒரே டாக்டர் என்பதால் போக முடியவில்லை, அந்த மூத்த சிஸ்டர் போனார். அவரும் 108 டெக்னீஷியனும் மாற்றி மாற்றி, ஐந்து விநாடிக்கு ஒரு தடவை, வாயால் எண்ணிக்கொண்டே ஒரு மணி நேரத்துக்கு மேல் பேக்கை அமுக்கியிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு

போய்ச் சேர்ந்ததும் எடுத்த ரத்தப் பரிசோதனையில் கார்பன் டை ஆக்சைடு 58, சாதாரணமாக 35 முதல் 45-க்குள் இருக்க வேண்டியது. அதுவும் வழி நெடுக பேக் அமுக்கிய பிறகு. அங்கே இன்னொரு 10 குப்பி கொடுத்தார்கள். தசைச்சோர்வைக் குறைக்கும் நியோஸ்டிக்மின் ஊசியை ஒரு தடவை போட்டுப் பார்த்தார்கள், அசைவில்லை. நாகக் கடியில் அது நன்றாகக் கேட்கும், கட்டுவிரியனில் பெரும்பாலும் கேட்காது.

இரண்டாம் நாள் கை கால் எதுவும் அசையவில்லை, கண்மணி விரிந்து வெளிச்சத்துக்கும் சுருங்கவில்லை. வராந்தாவில் யாரோ ஒருவர் ‘மூளைச்சாவு’ என்ற வார்த்தையைச் சொல்லிவிட, குடும்பம் வீட்டுக்குக் கூட்டிப்போய்விடலாமா என்று பேசத் தொடங்கியிருக்கிறது. ஐசியூ டாக்டர் அவர்களை உட்காரவைத்து, விஷம் தசையைத்தான் கட்டியிருக்கிறது, மூளை விழித்துக்கொண்டுதான் இருக்கிறது, அவருக்கு நாம் பேசுவது கேட்கும், மகளைப் பற்றிப் பேசுங்கள் என்று சொல்லியிருக்கிறார். நான்காம் நாள் இடது கால் கட்டைவிரல் லேசாக அசைந்தது. ஆம் என்றால் ஒரு அசைவு என்று வைத்துக்கொண்டார்கள். ஏழாம் நாள் குழாய் எடுத்தார்கள், பன்னிரண்டாம் நாள் நடந்து வீட்டுக்குப் போனார்.

ஒரு மாதம் கழித்து எங்கள் மருத்துவமனைக்கு வந்தார். சிஸ்டருக்குத் தனியாக ஒரு பை நிறைய வெண்டைக்காய். பேசிக்கொண்டிருக்கும்போது சாதாரணமாகச் சொன்னார், எல்லாமே கேட்டதாம். சைரன், வண்டி குழியில் விழுந்தது, சிஸ்டர் ஒன்று, இரண்டு என்று எண்ணியது. குழாய் போட மட்டும் தூக்க மருந்து கொடுத்துவிட்டு, வழிக்கு நான் எதுவும் கொடுத்தனுப்பவில்லை. அசையாதவர் உணர்வில்லாதவர் என்று என் மனதும் கணக்குப் போட்டிருக்கிறது. “நீங்க பயத்துல வர்றதுன்னு சொன்னதும் கேட்டுச்சு சார்” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்டேன்.

என்ன மாற்றினோம்

முதலில் அந்த 20. வந்த எல்லோருடைய சீட்டிலும் மூச்சு எண்ணிக்கை 18 அல்லது 20 என்று இருக்கும். யாரும் எண்ணுவதில்லை, நாடி பார்க்கிற கையோடு எழுதிவிடுகிறோம். அடுத்த வாரம் பழைய நோட்டைப் புரட்டினேன், ஒரு மாதத்தில் 18, 20 தவிர வேறு எண் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான் இருந்தது. இப்போது மூச்சுத்திணறல் என்று வந்தால் முழு நிமிடம் எண்ண வேண்டும், அந்த எண்ணுக்குக் கீழே எண்ணியவர் கையெழுத்துப் போட வேண்டும். ஆரம்பத்தில் முணுமுணுப்பு இருந்தது, எனக்கும் சேர்த்துத்தான்.

இரண்டாவது, நெஞ்சு கிளியராக இருக்கிற மூச்சுத்திணறலுக்கு நான்கு விஷயம் பார்க்காமல் ‘பதற்றம்’ என்று எழுதுவதில்லை: மேலே பார்க்கச் சொல்வது, தலையைத் தூக்கச் சொல்வது, ஒரே மூச்சில் எண்ணச் சொல்வது, போர்வையை விலக்கி வயிறு எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பது. இரண்டு நிமிடம்கூட ஆகாது, மெஷின் எதுவும் வேண்டாம். கூடவே சர்க்கரையும் ஈசிஜியும். பதற்றம் என்பது மற்றதெல்லாம் இல்லை என்றான பிறகு மிஞ்சுகிற பெயர், அதையும் அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்பப் போய்ப் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

மூன்றாவது, மழைக்காலத்தில் விடியற்காலை வயிற்று வலி, வாந்தி, மூச்சு என்று யார் வந்தாலும் ‘எங்கே படுத்தீர்கள், கூட யார் படுத்தார்கள்’ என்று கேட்பது. இரண்டாம் பாதி சிஸ்டர் சேர்த்தது.

நான்காவது, நர்ஸ் ஒரு தடவை கூப்பிட்டால் டாக்டர் எழுந்து போய்ப் பார்ப்பது. இதையெல்லாம் விதியாக எழுதிவைக்க வேண்டியிருக்கிறதே என்று வெட்கமாகத்தான் இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2020-ல் வெளியான ஓர் ஆய்வு, 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்திருப்பதாக மதிப்பிட்டது. வீடு வீடாகப் போய்க் கேட்டுக் கண்டுபிடித்த கணக்கு அது, மருத்துவமனைப் பதிவேட்டில் இருப்பது அதில் சிறு பகுதிதான். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக ஆக்கியதால் இப்போது ஒவ்வொரு கடியையும் தெரிவிக்க வேண்டும். நல்லது. ஆனால் அன்றைக்கு 4:40-க்கு என் சீட்டில் இருந்த வார்த்தையோடு அந்தப் பெண் இறந்திருந்தால், அவர் எந்தக் கணக்கிலும் பாம்புக்கடியாக வந்திருக்க மாட்டார்.

கேஷுவாலிட்டி சுவரில் அந்த நான்கு விஷயத்தையும் ஒரு தாளில் எழுதி ஒட்டியிருக்கிறோம். அடியில் சிஸ்டர் பேனாவால் ஒரு வரி சேர்த்திருந்தார்: ‘நோயாளி தலைமாட்டில் நின்று பேசாதீர்கள், காது கேட்கும்.’